நாலு கம்பியும் ஒரு கார்டும்

மணவாள நகரில் வரதன் வீட்டுக்கு வழி கேட்பவர்கள் கதவு எண்ணைச் சொல்லிக் கேட்பதில்லை. "காயிதக்காரர் ஊடு எது?" என்றுதான் கேட்பார்கள். அவன் பெண்டாட்டி கன்னியம்மாவுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வாழ வந்த புதிதில் ஒருத்தி ஒரு சாக்குப் பழைய பேப்பரோடு வாசலில் வந்து நின்று, தராசு எங்கே என்று கேட்டாள். அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் அது.

வரதனுக்குத் திருவள்ளூரில் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் வேலை. அவன் சனத்தில் முதன்முதலாகச் சர்க்கார் சம்பளம் வாங்கியவன் அவன்தான். அப்பா அடுத்தவர் நிலத்தில் உழைத்தே ஓய்ந்தவர். குடியிருந்த மனை தன்னுடையது என்று அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியவில்லை. மனை போயிற்று. அந்தச் சங்கதி வரதன் மண்டையில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

இப்படிப்பட்டவன் கண்ட காகிதத்தையும் கட்டிக்கொண்டு அழுவான் என்றுதானே நினைப்பீர்கள். அதுதான் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம், பட்டா நகல் கேட்டுக் கடம்பத்தூரிலிருந்து ஓர் அம்மாள் மூன்று நாள் நடையாய் நடந்தாள். காகிதம் உள்ளேதான் இருந்தது. அதன் தலைமேல், என்றைக்கோ செத்துப்போன மாட்டைப் பற்றிய மனு, எவனோ எதற்கோ கேட்ட லீவு, வராத மழையைப் பற்றி அனுப்பிய அறிக்கை என்று ஒரு தலைமுறைக் குப்பை ஏறி உட்கார்ந்திருந்தது. நாலாம் நாள் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் கும்பிட்டபோது வரதனுக்கு வெட்கமாகப் போயிற்று. வைக்க வேண்டியது கைக்கு அகப்பட வேண்டுமானால் எரிக்க வேண்டியதை எரித்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு கட்டினான்.

ஆபீசில் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் ஆயுசு உண்டு. சிலதுக்கு ஒரு வருஷம், சிலதுக்கு மூன்று, சிலதுக்குப் பத்து, சிலது சாகாவரம் வாங்கிக்கொண்டு வந்தவை. இது ஆபீசோடு நின்றிருந்தால் கன்னியம்மாவுக்கு ஒரு வழக்கும் இல்லை. கல்யாணமான இரண்டாம் மாதம் வரதன் கூடத்துச் சுவரில் வரிசையாக நாலு ஆணி அடித்து நாலு கம்பியைத் தொங்கவிட்டான். கடைகளில் சீட்டுக் குத்தி வைப்பார்களே, அடியில் வட்ட மரக்கட்டையும் மேலே கொக்கியும் வைத்த கம்பி, அதேதான். முதல் கம்பி ஓராண்டு, அடுத்தது மூவாண்டு, அதற்கடுத்தது பத்தாண்டு, கடைசி நிரந்தரம். அந்தச் சுவரில் கண்ணாடி மாட்ட வேண்டும் என்று கன்னியம்மாவுக்கு ஆசை. கண்ணாடி அடுப்பங்கரைக்குப் போனது. பன்னிரண்டு வருஷம் அவள் புகைக்குள்தான் பொட்டு வைத்துக்கொண்டாள்.

மளிகைச் சீட்டும் பஸ் டிக்கெட்டும் ஓராண்டுக் கம்பிக்குப் போகும். சைக்கிள் லைசென்சு மூவாண்டு. பிள்ளைகளின் மார்க் அட்டை பத்தாண்டு. "பத்து வருஷம் கழிச்சி எவன் கேக்கப் போறான், வாங்கினது அப்பிடி" என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்வான். நிரந்தரக் கம்பியில் பிறப்புச் சான்றுகள், கல்யாணப் பத்திரிகை, அப்புறம் ஒரு தாசில்தார் மாற்றலாகிப் போகும்போது இவனைப் பாராட்டி எழுதிக் கொடுத்த நாலு வரி. அந்த நாலு வரியைத் துடைக்கும்போது மட்டும் கன்னியம்மா வேறு நல்ல துணி எடுத்துக்கொள்ள வேண்டும்.

போகி அன்றைக்கு ஊரெல்லாம் கிழிந்த பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் எரிக்கும். வரதன் வீட்டு வாசலில் காகிதம் எரியும். கெடு முடிந்ததை ஒவ்வொன்றாக உருவி, இன்ன காகிதம், இன்ன தேதி என்று உரக்கப் படித்துவிட்டுத்தான் நெருப்பில் போடுவான். அதற்கு முதல் நாளே ஓராண்டுக் கம்பியைத் தனியாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி கோப்பான். "இன்னாய்யா, எரிக்கப் போற காயிதத்துக்கு இன்னா சிங்காரம்" என்று அவள் கேட்டால், "செக்கிங்" என்பான். அந்த ஒரு சொல்லோடு சரி.

தெருவுக்கு இவன்தான் காகித வைத்தியன். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி ரேடியோ லைசென்சுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "இத்த எத்தினி நாளு வச்சிக்கணும்ணே?" என்று கேட்பாள்.

"மூணு வருஷம்."

"ரேடியோவே அத்தினி நாளு பாடாது போல கீதே."

"ரேடியோ பாடலன்னாலும் லைசென்சு இருக்கணும்மா."

எதிர்வீட்டு முனுசாமி, அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன், அவன் கேஸ்தான் பெரிய கேஸ். அறுபத்திரண்டில் அவனுடைய வெள்ளைச் சேவல் காணாமல் போயிற்று. போலீசில் மனுக் கொடுத்துவிட்டு, அதன் நகலை வரதனிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தான். வரதன் அதை ஓராண்டுக் கம்பியில் குத்தினான். கெடு முடிந்து போகிக்கு அதை எடுத்தபோது முனுசாமி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"என் சேவல் இன்னும் வரலியே சார்."

வரதன் மனுவைத் திருப்பிப் பார்த்தான். "ஒரு வழி கீது. கெடு முடியறதுக்குள்ள அந்தக் காயிதத்த எதுக்காச்சும் தொறந்து பாத்தா, பாத்த நாள்லேர்ந்து கணக்கு புதுசா ஆரம்பிக்கும். ஆனா காரணம் எழுதணும். சும்மா பாத்தேன்னு எழுதக் கூடாது."

இது ஆபீஸ் சட்டமா, அந்த நிமிஷத்தில் இவனே போட்ட சட்டமா என்று யாருக்கும் தெரியாது. அதிலிருந்து வருஷா வருஷம் மார்கழிக் கடைசியில் முனுசாமி வந்து மனுவைப் பார்ப்பான். "சேவல் இன்னும் வரவில்லை" என்று வரதன் அதன் முதுகில் எழுதுவான். மனு இன்னொரு வருஷம் பிழைத்துக்கொள்ளும். சேவல் பிழைத்திருந்தால் அதற்கு இந்நேரம் பல்லே முளைத்திருக்கும் என்று கன்னியம்மா சொல்லுவாள்.

சொந்தக் கடிதங்களுக்கும் சட்டம் இருந்தது. பதில் போட்ட நாளிலிருந்து ஓராண்டு. அண்ணன் கடிதம், தம்பி கடிதம் என்கிற பாகுபாடு கிடையாது.

அறுபத்துமூன்றாம் வருஷம் பிறந்ததும் கன்னியம்மாவுக்கு அம்மை போட்டது. பொங்கலுக்குப் புதுவாயலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக முடியவில்லை. அம்மா செங்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைகாட்டி மரத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நாலு பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் மோசஸிடம் போய் ஒரு கார்டு எழுதச் சொன்னாள். "கன்னியம்மாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. உனக்கு அம்மை போட்டிருப்பதாகக் கேள்வி. சொறியாதே. கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று உனக்கு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்." மோசஸ் எழுதியதைப் படித்துக் காட்டினான். செங்கம்மாளுக்குத் திருப்தி இல்லை.

"இத்தப் பாத்தா நீ எழுதினதுன்னுதான் தெரியும். நான் சொன்னேன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

மோசஸ் மறுபடி பேனாவை எடுப்பதற்குள் மைக்கூட்டில் கட்டைவிரலை முக்கி, கார்டின் அடியில் ஓர் அழுத்து அழுத்திவிட்டாள். நாற்று நட்டு நட்டுத் தடித்த விரல். நீலமாக, அரையணாக் காசு அளவுக்கு விழுந்தது. கார்டு திருவள்ளூருக்கு வந்ததும் கன்னியம்மா அந்த விரலைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தாள், அப்புறம்தான் படித்தாள். வரதன் பதில் எழுதிப் போட்டுவிட்டு, கார்டை ஓராண்டுக் கம்பியில் குத்தினான். குத்தியதை அவள் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அம்மாவின் கைநாட்டை யார் தேடப் போகிறார்கள்?

எழுபத்துமூன்று கார்த்திகையில், மழை விடாமல் கொட்டிய ஒரு நாள், செங்கம்மாள் செத்துப்போனாள். பதினாறாம் நாள் படைக்க உட்கார்ந்தார்கள். விளக்குக்குப் பின்னால் வைக்க அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. மடித்த புடவை ஒன்றை வைத்தார்கள். கன்னியம்மாவின் தம்பி அரசப்பன், கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஓர் இரும்புக் கம்பெனியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கழுத்தில் மாட்டும் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"கம்பெனில சேந்த மூணாம் நாளே என்ன போட்டோ புட்ச்சிட்டானுங்கக்கா. ஆத்தா அறுவது வருஷம் இருந்துச்சு. அதுக்கு ஒண்ணு இல்லியே."

அந்த நிமிஷம்தான் கன்னியம்மாவுக்குக் கார்டு ஞாபகம் வந்தது. நீல விரல். இந்த உலகத்தில் அம்மா விட்டுப்போன ஒரே தடயம்.

பெரியபாளையம் வழியாக வந்த பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அறுபத்துமூன்று போகிக்கு முன்னாலேயே பதில் போட்டாகிவிட்டது. ஓராண்டு. அறுபத்துநாலு போகியில் எரிந்திருக்கும். வரதன் கெடு தப்பவிட்டதாகச் சரித்திரமே இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னாலேயே அம்மாவின் விரல் சாம்பலாகிவிட்டது; முனுசாமியின் சேவல் மட்டும் இன்னும் கம்பியில் தொங்குகிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் "அது ஓராண்டு" என்று சொல்வான். அப்படிச் சொன்ன வாய்க்குச் சோறு போட அவளுக்கு மனசு வராது. பிள்ளைகளும் அதே சட்டியில்தான் சாப்பிடுகின்றன. எதற்கு வம்பு என்று பேசாமலே இருந்தாள். அவன் ஏதாவது கேட்டால் "ம்" என்பாள். குழம்பில் உப்பு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. வரதன் இரண்டையும் சாப்பிட்டான். தாய் செத்த துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"கன்னிமா, ஒனக்கு எதனா பேப்பர் வேணுமா?"

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கேட்கிற கேள்வியைப் பார். "ஒரு மண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு ஊதுகுழலை எடுத்தாள். அவன் ஒரு தரம் கூடத்துச் சுவரைப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

எழுபத்துநாலு போகி வந்தது. விடிந்தும் விடியாமல் வரதன் குளித்துவிட்டு, வாசலில் நெருப்பு மூட்டி, ஓராண்டுக் கம்பியோடு வந்து உட்கார்ந்தான். முனுசாமி தன் மனுவுக்காக எதிர்வீட்டிலிருந்து பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றான். வரதன் முதல் காகிதத்தை உருவினான்.

"பஸ் டிக்கெட். எழுவத்திரெண்டு டிசம்பர்."

கன்னியம்மா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இந்தக் குரலில்தான், இந்த நெருப்பில்தான், "மாமியார் கார்டு, அறுவத்தி மூணு" என்று படித்திருப்பான். தான் உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, காதில் வாங்காமல் இருந்திருக்கிறோம். நேரே போய் அவன் கையிலிருந்த கம்பியைப் பிடித்தாள்.

"குடு. இந்த வருஷம் நான் எரிக்கிறேன்."

"இரு இரு, ஒண்ணொண்ணா படிச்சிதான்..."

"பன்னெண்டு வருசமா படிச்சது போதும்."

பிடுங்கி, கட்டையும் கொக்கியும் காகிதமுமாக அப்படியே நெருப்பில் வீசினாள்.

வரதன் ஓடி அவள் பார்த்ததே இல்லை. ரயில் பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பும்போதுகூட அவன் நடந்துதான் போவான். அப்படிப்பட்டவன் எகிறிப் போய்க் கையை நெருப்புக்குள் விட்டுக் கம்பியை இழுத்தான். நழுவியது. மறுபடி விட்டான். இரண்டாம் தடவை கொக்கி அகப்பட்டது. வெளியே இழுத்துப் போட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டித் தீயை அணைத்தான். மேலே இருந்த காகிதமெல்லாம் சுருண்டு கறுத்துப் பறந்தது.

"ஒனக்குப் பைத்தியமா புட்ச்சிக்கிச்சு?" என்றாள் கன்னியம்மா. "மளிகைச் சீட்டுக்குக் கைய சுட்டுக்கிறே. படிக்காம எரிச்சா சாமி குத்தமா ஆயிடும்?"

"சார், என் மனு?" என்றான் முனுசாமி.

கரிந்ததை எல்லாம் வரதன் ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டான். மனு வந்தது, பாதிச் சேவலோடு. அதையும் போட்டான். கடைசியில் கட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை மெதுவாக மேலே இழுத்தான். ஒரு கார்டு. அதன் பின்னால் நூலால் கட்டிய நீளத் துண்டுக் காகிதம்.

"நீ கேப்பேன்னு இருந்தேன்" என்றான். "கேக்கவே இல்லியே."

அவள் வாங்கினாள். கார்டின் ஒரு மூலை எரிந்துபோயிருந்தது. கறுப்பு ஆடு போன இடம் தெரியவில்லை. கீழே நீல விரல் அப்படியே இருந்தது. கன்னியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இத்த நானே எரிக்கப் பாத்தேனே" என்றாள், யாரிடமும் இல்லாமல். அப்போதுதான் அழுகை வந்தது. ஒரு மாதமாக வராத அழுகை, முனுசாமி இருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல் வந்தது.

முனுசாமி பாதிச் சேவலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அழுது முடிந்தபின் அவள் துண்டுக் காகிதத்தைத் திருப்பினாள். நாலாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். வருஷத்துக்கு ஒரு வரி, வரதனின் குண்டுக் கையெழுத்து, வரிக்கு ஒரு தேதி, தேதிக்கு ஒரு சுருக்கொப்பம்.

அறுபத்துநாலு: "எழுத்து மங்கியுள்ளதா எனப் பார்க்கப்பட்டது. மங்கவில்லை. மேலும் ஓராண்டு."

அறுபத்தைந்து: "ஆட்டுக்குட்டி வந்து சேர்ந்ததா எனச் சரிபார்க்கத் தேவை. மேலும் ஓராண்டு."

அறுபத்தாறு: "வரவில்லை. மேலும் ஓராண்டு."

அறுபத்தேழு: "மாப்பிள்ளையைக் கேட்டதாக எழுதிய வரி பார்க்கப்பட்டது. மேலும் ஓராண்டு." அதற்கடுத்த இரண்டு வருஷமும் "மேற்படி வரி." எழுபதில் காரணம் தீர்ந்துபோயிருக்க வேண்டும்; "காரணம் பின்னர்" என்று எழுதியிருந்தான். பின்னர் எழுதவே இல்லை. மூன்று வருஷம் வெறும் "மேற்படி."

கடைசி வரிக்கு நேற்றைய தேதி. "கன்னியம்மா கேட்பாள். கேட்டதும் கொடுக்கவும்."

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். செக்கிங், செக்கிங் என்று வருஷா வருஷம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது இதற்குத்தானா? "ஏன்யா, கேட்டாதான் குடுப்பியா? வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"கேக்காம எடுத்துக் குடுக்கற வழக்கம் இல்ல கன்னிமா. ஒரு தரம் கேட்டுப் பாத்தேன். ஒரு மண்ணும் வேணாம்னுட்டே."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவனை நாலு சாத்துச் சாத்தலாம் போலவும் வந்தது. அவன் உள்ளங்கை கொப்புளித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினான்.

"கம்பி கட்டையோட பூட்ச்சி" என்றாள். "அந்த ஆணி இனிமே எனக்கு. கண்ணாடி மாட்டப் போறேன்."

"மாட்டிக்கோ."

"இந்தக் கார்டு எந்தக் கம்பிக்குப் போவுது?"

"ஓராண்டு வகைதான் அது. வகைய மாத்தணும்னா மேல இருக்கறவங்க ஆர்டர் வேணும்."

"மேல இருக்கறவங்கன்னா யாரு?"

வரதன் எண்ணெய்க் கையை ஊதிக்கொண்டே அவளைப் பார்த்தான்.

கன்னியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ரேஷன் கடையில் அழகாகத்தான் போடுவாள். ஆனால் அவள் குனிந்து, நெருப்போரம் ஆறிக் கிடந்த கரியில் கட்டைவிரலைத் தேய்த்து, துண்டுக் காகிதத்தில் கடைசி வரிக்குக் கீழே, ஓர் அழுத்து அழுத்தினாள்.

"எழுதிக்கோ" என்றாள். "நிரந்தரம்."

வரதன் இடது கையால் பேனாவை எடுத்துக் கோணல்மாணலாக எழுதினான்.

"தேதி போடணும்" என்றான்.

"போடு" என்றாள்.